அடையாற்றுப் பள்ளியும் அரை ஆங்கிலமும்

(பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர்)

அடையாறு என்றதும் நமக்கு ஆலமரம் நினைவுக்கு வருகிறது. அம்மரம் நிற்கும் பிரம்மஞான சபைத் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்காத மாணவர் நம் கல்லூரியில் குறைவு. ஆனால் அத்தோட்டத்தை ஒட்டி, கடல் கடந்து வந்த சிலர் சேரிக் குழந்தைகளுக்காக ஒரு பள்ளி நடத்திய வரலாற்றை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஹென்றி ஸ்டீல் ஆல்காட் 1832இல் அமெரிக்காவில் பிறந்தவர். அந்நாட்டு உள்நாட்டுப் போரில் பணியாற்றிக் கர்னல் ஆனவர், பிறகு வழக்கறிஞர். 1875இல் நியூயார்க்கில் பிளாவட்ஸ்கி அம்மையாரோடு சேர்ந்து பிரம்மஞான சபையைத் தொடங்கினார். 1882ஆம் ஆண்டின் இறுதியில் சபையின் தலைமையகம் அடையாற்றுக்கு வந்தது. இலங்கையில் பௌத்தப் பள்ளிகள் பெருகப் பாடுபட்டார். 1889இல் ஜப்பானுக்கும் சென்று ஊர் ஊராகப் பேசினார், மொழிபெயர்ப்பாளர் துணையோடுதான். உலகெல்லாம் சுற்றிய அவர் தம் வாசலருகே வாழ்ந்த குழந்தைகளுக்கு 1894இல் ஓர் இலவசப் பள்ளியைத் திறந்தார். பஞ்சமர் என்று பெயரிட்டு அன்றைய சமூகம் ஒதுக்கி வைத்திருந்த மக்களின் குழந்தைகள் அவர்கள். பிற பள்ளிகளின் திண்ணையில்கூட அவர்களுக்கு இடம் கிடைப்பது அரிது. அடுத்து 1898இல் கோடம்பாக்கத்திலும், 1899இல் தேனாம்பேட்டையிலும், 1901இல் மயிலாப்பூரிலும் பள்ளிகள் எழுந்தன. மயிலாப்பூர்ப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

இப்பள்ளிகளை மேற்பார்வையிடச் சாரா பாமர், கோர்ட்ரைட் முதலிய அமெரிக்கப் பெண்மணிகள் வந்தனர். குழந்தைகளுக்கோ ஆங்கிலம் தெரியாது. வந்தவர்களுக்குத் தமிழ் தாய்மொழியன்று. பாடம் எப்படி நடந்திருக்கும்? அன்றாடம் கற்பித்தவர்கள் தமிழ் ஆசிரியர்களே. வந்தவர்கள் கொண்டு வந்தது முறை. ஜெர்மனியில் ஃபிரோபெல் என்பார் வகுத்த கிண்டர்கார்ட்டன் முறையில், பொருளைக் கையில் கொடுத்துவிட்டுப் பிறகு சொல்லைக் கொடுப்பார்கள். மாங்காயைத் தொட்டு, முகர்ந்து, வரைந்து பார்த்த பிறகு அதன் பெயரை எந்த மொழியில் சொன்னாலும் ஒட்டிக்கொள்ளும். நெட்டுருப் போட்டே வளர்ந்த நமக்கு இது புதுமைதான். (நெட்டுருவை நான் முற்றாகப் பழிக்க மாட்டேன், வாய்ப்பாடு வேறு எப்படி வரும்?) ஜப்பான் அரசும் 1987 முதல் வெளிநாட்டு இளைஞர்களை வரவழைத்துப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கச் செய்கிறது. அங்கும் அவர்களில் பெரும்பாலோர் துணையாசிரியர்களே. வகுப்புப் பொறுப்பு உள்ளூர் ஆசிரியரிடம்தான். குழந்தையின் மொழி தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் அயல்மொழி ஏறுவது கடினம் என்பதை இரு நாடுகளும் கண்டுகொண்டன போலும்.

இனி, என்னை உறுத்தும் செய்திக்கு வருகிறேன். ஆல்காட் பள்ளிகள் தொடக்கக் கல்வியோடு நின்றன. தமிழில் எழுதப் படிக்க, எளிய கணக்குப் போட, சமைக்க, தைக்கக் கற்பித்தார்கள். ஆங்கிலமோ துரைமார் வீட்டு வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு! மேற்படிப்புக்கு அனுப்பும் நோக்கம் ஆல்காட்டுக்கு இல்லை. பசித்த குடும்பத்துக்கு உடனே சம்பளம் வர வேண்டும் என்று அவர் எண்ணியிருக்கலாம். அந்த எண்ணத்தைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் கொடுப்பவரே படியையும் கையில் வைத்துக்கொண்டு அளந்தார் அன்றோ?

அந்தச் சமையலறை ஆங்கிலத்துக்குச் சென்னையில் பட்லர் இங்கிலீஷ் என்றே பெயர். படித்தவர்கள் அதைச் சொல்லிச் சிரிப்பதுண்டு. சற்று உற்று நோக்கினால் அதற்கும் ஓர் இலக்கணம் உண்டு. 'ஐ டெல்லிங்' என்றால் 'சொல்வேன்'; 'ஐ டன் டெல்' என்றால் 'சொல்லிவிட்டேன்'. 'டன்' என்ற ஒரே சொல் நம் 'விட்டேன்' செய்யும் வேலையைச் செய்து முடிக்கிறது! பள்ளிக்கூடம் காணாத மனிதர்கள் கேட்டதைக் கொண்டு தாமே கட்டிக்கொண்ட மொழி அது.

என் பாட்டி அடையாற்றில் ஒரு பங்களாவில் பல ஆண்டுகள் பாத்திரம் தேய்த்தவர். அவருக்கு முப்பது நாற்பது ஆங்கிலச் சொற்கள் தெரியும். அத்தனையும் பிறர் சொன்னதைச் செய்வதற்கான சொற்கள். 'ஏன்' என்று கேட்பதற்கு ஓர் ஆங்கிலச் சொல் உண்டென்பதே அவருக்குத் தெரியாது. நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு ஒருநாள் அவரே என்னிடம் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். இயற்பியலில் எங்களுக்கு முதலில் வேண்டியிருப்பதும் அந்தச் சொல்தான். தமிழ் வழியில் படித்து வந்த எங்களில் பலர் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் ஆங்கில வாக்கியங்களைப் பார்த்து எழுதிவிடுகிறோம். ஐயம் எழுந்தால் கேட்க வாய் வருவதில்லை. கட்டளையைப் புரிந்துகொள்ளும் ஆங்கிலமும் வினாத் தொடுக்கும் ஆங்கிலமும் வெவ்வேறு.

வினாத் தொடுத்தவர்கள் அன்றும் இருந்தனர். பண்டிதர் அயோத்திதாசரும் ஆசிரியர் கிருஷ்ணசாமியாரும் 1898இல் ஆல்காட்டை அணுகினர். சலுகை வேண்டி அன்று. தம் முன்னோர் பௌத்தர் என்னும் தம் கொள்கையை முன்வைத்து. ஆல்காட் அவர்களோடு இலங்கைக்குச் சென்றார். அங்கே அவர்கள் பஞ்சசீலம் ஏற்றனர். ஆல்காட் 1907 பிப்ரவரியில் அடையாற்றில் காலமானார். அதே ஆண்டு ஜூனில் அயோத்திதாசர் இராயப்பேட்டையிலிருந்து ஒரு வார இதழைத் தொடங்கினார். 'ஒரு பைசாத் தமிழன்' என்பது அதன் பெயர், விலையும் அதுவே.

ஆல்காட்டின் முதல் பள்ளி அவர் நினைவைத் தாங்கிப் பெசன்ட் நகர்ப் பக்கம் இன்றும் நடக்கிறது. இன்றும் இலவசம்தான். ஆனால் தொடக்க வகுப்போடு அது நிற்கவில்லை.