வானத்துக் கண்ணும் எலி வளையும்

பவானிபூர் அறையிலிருந்தே மேகாலயத்தின் ஜைந்தியா மலைகளைப் பார்த்து வருகிறேன். 2015 முதல் படமெடுத்துவரும் ஐரோப்பியச் செயற்கைக்கோள் சென்டினல்-2. அதன் படங்கள் எவர்க்கும் இலவசம். இம்மலைகளின் 'எலி வளை' நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-இல் தடை விதித்தது. இருந்தும் 2018 டிசம்பரில் அத்தகைய குழியொன்றில் வெள்ளம் புகுந்து 15 பேர் சிக்கினர்.

வானிலிருந்து குழி தெரியாதா என்பீர்கள். படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். குழிவாய் பெரும்பாலும் அதனுள் அடங்கிவிடும். ஆனால் குவித்த கரியை ஒளிக்க முடியுமா? பச்சை இலை அகச்சிவப்பு ஒளியை வலுவாகத் திருப்பியனுப்பும், கரியோ விழுங்கிவிடும். எனவே பழைய படத்தோடு ஒப்பிட்டால், காடிருந்த இடத்தில் கரும்புள்ளி காணும். மழைக்காலத்தில் அதுவும் இல்லை. மேகாலயம் மேகத்தின் இல்லமன்றோ! எரித்த புனமும், மலை நிழலும்கூடக் கறுப்பே. நேரில் சென்று பார்த்தவர் சொன்னாலன்றி எந்தப் புள்ளியையும் சுரங்கமென்று கூற நான் துணிவதில்லை.