கல்லுக்கும் ஒரு பெயர் உண்டு

கற்கண்டு செய்வதைப் பார்த்தவர்களுக்குச் சிறுநீரகக் கல் உண்டாகும் விதத்தை எளிதில் சொல்லிவிடலாம். கெட்டியான சர்க்கரைப் பாகில் நூலைத் தொங்கவிட்டால், அதைப் பற்றிக்கொண்டு படிகம் வளரும். சிறுநீரும் அப்படி ஒரு கரைசல்தான். அதில் தண்ணீர் குறைந்தால் கால்சியமும் ஆக்சலேட்டும் கரைந்திருக்க இடமில்லாமல் ஒன்றோடொன்று கூடிப் படிகமாகின்றன. நூலின் வேலையைச் செய்வதற்குச் சிறுநீரகத்தின் உட்பரப்பில் கடுகளவு சுண்ணாம்புத் திட்டு ஒன்று போதும்.

பாகு முற்றுவதற்குத் தில்லியின் கோடையைவிட நல்ல அடுப்பு கிடையாது. 2024 மே 29 அன்று இங்கே சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி பதிவானது. அந்த வெயிலில் ரிக்‌ஷா மிதிப்பவருக்கும் சாரத்தில் நின்று செங்கல் அடுக்குபவருக்கும் குடிக்கிற தண்ணீரெல்லாம் வியர்வையாகவே போய்விடுகிறது. நாம் கல்லடைப்பு என்பதை இங்கே ‘பத்ரி’ என்கிறார்கள். பத்ரி என்று வாயைத் திறந்தால் போதும், பக்கத்து வீட்டுக்காரர் குல்த்தி வேகவைத்த தண்ணீரைச் சொல்வார் (நம் கொள்ளுதான் குல்த்தி). இன்னொருவர் பத்தர்சட்டா இலையை மெல்லச் சொல்வார். ராமகிருஷ்ணாபுரத்திலும் கரோல்பாகிலும் உள்ள தமிழ் வீடுகளில் வாழைத்தண்டுச் சாறு, சிறுபீளைக் கஷாயம். இவற்றோடு உள்ளே போகும் தண்ணீர் நல்லதுதான். ஆனால் யாருமே கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: அது என்ன கல்?

கற்களில் பல சாதி உண்டு. கால்சியம் ஆக்சலேட், கால்சியம் பாஸ்பேட், யூரிக் அமிலம், கிருமித்தொற்றால் வளரும் ஸ்ட்ரூவைட், பரம்பரைக் கோளாறால் வரும் சிஸ்டின். பிறக்கும் விதம் வேறு என்பதால் வைத்தியமும் வேறு. யூரிக் அமிலக் கல்லைச் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் மருந்து கொடுத்தே கரைத்துவிடலாம். கத்தி, கருவி எதுவும் தேவைப்படாது. கால்சியம் ஆக்சலேட் கல்லைக் கரைக்கும் மருந்து இன்றுவரை இல்லை.

தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சிறுநீரியல் மருத்துவர்கள் எம்.எஸ். அன்சாரி, என்.பி. குப்தா முதலியோர் இந்தக் கேள்வியைத்தான் கையில் எடுத்தார்கள். வட இந்திய நோயாளிகளிடமிருந்து எடுத்த 1,050 கற்களைச் சேர்த்து ஆராய்ந்து 2005-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அறுவை மருத்துவர்களோடு படிகவியல் அறிஞர் டி.பி. சிங்கும் அந்தக் குழுவில் இருந்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கல்லைப் பொடியாக்கி அதன்மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால், படிகத்துக்குள் அணுக்கள் அடுக்கியிருக்கும் முறைக்கேற்பக் கதிர் குறிப்பிட்ட கோணங்களில் சிதறும். ஒவ்வொரு படிகத்துக்கும் இந்தக் கோணங்கள் தனி. மனிதருக்குக் கைரேகை மாதிரி. பார்வைக்கு ஒரே பழுப்பு நிறமாக உள்ள இரண்டு கற்கள் இந்தச் சோதனையில் வேறுவேறு என்று தெரிந்துவிடும்.

முடிவு என்ன? நூற்றுக்கு 93 கற்கள் கால்சியம் ஆக்சலேட். யூரிக் அமிலக் கற்கள் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. சிறுநீரகத்தின் உள்ளறைகளை நிறைத்துக்கொண்டு மான்கொம்பு போலக் கிளைவிடும் பெரிய கற்களைக் கிருமித்தொற்றின் விளைவு என்றே மேல்நாட்டுப் பாடநூல்கள் சொல்லிவந்தன. எய்ம்ஸ் மேசைக்கு வந்த மான்கொம்புக் கற்களிலோ பத்துக்கு ஒன்பது ஆக்சலேட்டாகவே இருந்தன. வேறு நாட்டு நோயாளிகளைப் பார்த்து எழுதிய பாடத்தை நம் நோயாளிகளுக்கு அப்படியே பொருத்தக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

இன்னொரு செய்தியும் அதில் இருந்தது. ஆக்சலேட் கற்களில் ஐந்தில் நான்கு மோனோஹைட்ரேட் வகை. படிகத்தில் ஒரு நீர் மூலக்கூறு இருந்தால் மோனோஹைட்ரேட், இரண்டு இருந்தால் டைஹைட்ரேட். அந்த ஒரு மூலக்கூறு எவ்வளவு பெரிய வேறுபாடு என்பது கல் உடைக்கும் இயந்திரத்துக்கு அருகில் வந்தால்தான் புரியும்.

அந்த இயந்திரத்தின் கதை விமானத்திலிருந்து தொடங்குகிறது. ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானத்தில் மழைத்துளி மோதினால் உலோகத்துக்கு உள்ளேயும் சேதம் ஏற்படுவதை ஜெர்மனியின் டோர்னியர் விமான நிறுவனம் ஆராய்ந்துகொண்டிருந்தது. தோலைக் கிழிக்காமல் உள்ளே இருப்பதை உடைக்கும் அதிர்வலை உடம்புக்கும் பயன்படுமே என்ற எண்ணம் அங்கே பிறந்தது. 1980 பிப்ரவரி 7 அன்று மியூனிக்கில் கிறிஸ்டியன் சௌஸியும் அவருடைய சகாக்களும் முதல் மனித நோயாளிக்கு அதைச் செய்து காட்டினார்கள்.

வேலை செய்யும் விதம் அழகானது. பாதி முட்டை வடிவத்தில் ஓர் உலோகக் கிண்ணம், அதில் தண்ணீர். நீள்வட்டத்துக்கு இரண்டு குவியங்கள் உண்டென்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஒரு குவியத்தில் எழும் அலை கிண்ணத்தின் சுவரில் எங்கே பட்டாலும் மற்றக் குவியத்துக்கே வந்துசேரும். முதல் குவியத்தில் மின்பொறி வெடிக்கும். இரண்டாவது குவியத்தில் நோயாளியின் கல் இருக்கும்படி அவரைப் படுக்கவைப்பார்கள். பூதக்கண்ணாடிக்கு அடியில் வெயில் ஒரு புள்ளியில் மட்டும் சுடுவதுபோல, அதிர்வலை கல்லிடத்தில் மட்டும் முழு வலிமையோடு அறையும். நம் சதை பெரும்பாலும் தண்ணீர் என்பதால் அலை தடையில்லாமல் கடந்துவிடுகிறது. கடினமான கல்லில் மோதும்போது அது அழுத்தமாக மாறி விரிசல் விழச்செய்கிறது. ஆரம்பகால இயந்திரத்தில் நோயாளியையே தண்ணீர்த் தொட்டியில் இறக்குவார்கள். இப்போது நீர் நிரப்பிய மெத்தையும் பசையும் போதும். ஓரிரண்டாயிரம் அடிகளில் கல் மணலாகிச் சிறுநீரோடு வெளியேறும்.

நிமிடத்துக்கு 120 அடி கொடுப்பதைவிட 60 அடி கொடுத்தால் கல் நன்றாக உடைகிறது என்று ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒவ்வோர் அடியிலும் கல்லைச் சுற்றி நுண்குமிழிகள் உண்டாகும். அவை அடங்குவதற்குள் அடுத்த அடி வந்தால் குமிழிகளே அலையைத் தடுத்துவிடும். இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும்.

பொறுமையாலும் ஆகாதது மோனோஹைட்ரேட் கல். டைஹைட்ரேட் எளிதில் நொறுங்கும். மோனோஹைட்ரேட் அடியைத் தாங்கி நிற்கும், உடைந்தாலும் பெரிய துண்டாக உடையும். தில்லியில் கிடைப்பதில் பெரும்பகுதி அந்த முரட்டுக் கல்தான். ஆகவே சி.டி. ஸ்கேனில் கல்லின் அடர்த்தியைப் பார்த்த பிறகு, “இதற்கு அதிர்வலை வேண்டாம், லேசர் வைத்து உடைக்கலாம்” என்று மருத்துவர் சொன்னால், செலவு கூட்டப் பார்க்கிறார் என்று உடனே சந்தேகப்பட வேண்டாம். 2 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட சிறுநீரகக் கல்லென்றால், முதுகில் சிறு துளையிட்டு எடுப்பதே பெரும்பாலும் முதல் வழி.

உடைத்து எடுத்த பிறகும் பாகு அங்கேயேதான் இருக்கிறது. கல் வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். இத்தாலியில் போர்கி என்ற மருத்துவரின் குழு 199 பேரை ஐந்தாண்டு கவனித்தது. நாளுக்கு 2 லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்களில் நூற்றுக்கு 12 பேருக்குத்தான் கல் திரும்பியது. மற்றவர்களில் 27 பேருக்கு. குடிப்பது எத்தனை லிட்டர் என்பதைவிடப் போவது எவ்வளவு என்பதே கணக்கு. தில்லி வெயிலில் இரண்டும் ஒன்றல்ல.

“கால்சியம் கல்தானே, பாலை நிறுத்திவிடு” என்ற அறிவுரை இன்னும் உலவுகிறது. அது தவறு. அதே குழு கல் உள்ள 120 ஆண்களை இரண்டாகப் பிரித்து, 60 பேருக்குக் கால்சியத்தைக் குறைத்தது. 60 பேருக்கு உப்பையும் இறைச்சியையும் குறைத்துக் கால்சியத்தை வழக்கம்போல் விட்டது. ஐந்தாண்டில் முதல் பிரிவில் 23 பேருக்கும் இரண்டாம் பிரிவில் 12 பேருக்கும் கல் திரும்பியது. உணவில் வரும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்கிறது. பிடிபட்டது சிறுநீருக்கு வருவதில்லை. பாலக் பன்னீர் தின்னும்போது பன்னீரை ஒதுக்கிவிட்டுக் கீரையை மட்டும் தின்பவர் தலைகீழாகச் செய்கிறார். குறைக்க வேண்டியது ஊறுகாய், அப்பளம், நம்கீன் பொட்டலத்தில் உள்ள உப்பு.

வலியோடு காய்ச்சலும் குளிரும் வந்தால் கஷாயம், சாறு எதற்கும் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அடைபட்ட சிறுநீரகத்தில் தொற்று ஏறினால் உயிருக்கே ஆபத்து. கல் தானாக வெளியே வந்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். மெல்லிய வடிகட்டியில் பிடித்து, கழுவி, உலர்த்தி, தண்ணீரோ மருந்தோ ஊற்றாமல் ஒரு சிறு டப்பியில் போட்டு மருத்துவரிடம் கொடுத்து, அதன் பெயரைக் கேளுங்கள்.