செல்போன் பேட்டரி: போலியை இனம் காண்பது எப்படி?

பல்லடம் வட்டாரத்தில் கோழிப் பண்ணை வைத்திருப்போரும் தோட்டக்காரர்களும் இரவில் செல்போனைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டே படுக்கிறார்கள். மும்முனை மின்சாரம் வந்தால் மோட்டார் போட வேண்டும். பண்ணையில் மின்சாரம் நின்றால் உடனே எழ வேண்டும். ஆகவே போன், சாளையில் தீவன மூட்டை மீதோ கட்டில் மீதோ விடிய விடியச் சார்ஜில் கிடக்கிறது. அதிலுள்ள பேட்டரி போலியாக இருந்தால், அருகிலுள்ள நார்க்கழிவும் சாக்கும் சோளத்தட்டும் தீப்பிடிக்க அதுவே போதும்.

லித்தியம் பேட்டரிக்குள் இரு உலோகத் தகடுகள் சுருட்டி வைக்கப்பட்டுள்ளன. அவை ஒன்றையொன்று தொடாமல் தடுப்பது தலைமுடியை விட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் தாள். சுற்றிலும் இருப்பது எளிதில் தீப்பற்றும் திரவம். சார்ஜ் 4.2 வோல்ட்டைத் தாண்டினாலோ, மின்கசிவு ஏற்பட்டாலோ இணைப்பைத் துண்டிக்க ஒரு சிறு மின்சுற்றுப் பலகை உண்டு. போலி தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் கை வைப்பது இந்தப் பலகையில்தான். தாள் ஓரிடத்தில் கிழிந்தால் அங்கு ஏறும் சூடு மேலும் சூட்டைக் கிளப்பும். சில விநாடிகளில் புகையும் தீயும் வந்துவிடும்.

நல்ல கம்பெனி பேட்டரியிலும் பழுது வருவதுண்டு. 2007 ஆகஸ்டில் நோக்கியா கம்பெனி, தனது பி.எல்-5சி ரகத்தில் 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள் சார்ஜின்போது அதிகம் சூடாகக்கூடும் என்று அறிவித்து, இலவசமாக மாற்றித் தர முன்வந்தது. எந்த ஆலையில், எந்த மாதங்களில் செய்தவை என்பது தெரிந்திருந்ததால் இது முடிந்தது. போலிக்கு அப்படிப் பொறுப்பேற்க யாரும் இல்லை.

பட்டன் போன்களில் இன்றும் ஓடும் இந்த பி.எல்-5சி பேட்டரியின் கொள்ளளவு சுமார் 1,000 எம்.ஏ.எச். அதே அளவுப் பேட்டரியில் 2,800 என்று அச்சிட்டிருந்தால் அது பொய், வாங்க வேண்டாம். பேட்டரி மீது ஐ.எஸ். 16046 என்ற தர எண்ணும், ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். எண்ணையும் போலியாக அச்சிடுவார்கள் என்பதால், வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்து ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் சரிபார்த்துக் கொள்வது நல்லது. பில் கேட்டு வாங்கவும். பில் தரத் தயங்கும் கடையில் பேட்டரி வாங்குவானேன்?

பேட்டரி உப்பி, பின்மூடி சரியாக மூடாமல் போனால் அன்றோடு அதை விட்டுவிட வேண்டும். அழுத்திப் பொருத்துவதும் ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்ற முயல்வதும் பேராபத்து. நல்ல பேட்டரியானாலும் சார்ஜ் போடும்போது தலையணை, சாக்கு ஆகியவற்றின் மீது வைக்காமல் சிமெண்டுத் தரையில் வைக்கவும்.

புகை கிளம்பினால் போனைக் கையால் தொடக்கூடாது. புகையைச் சுவாசிக்கவும் கூடாது. முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, பிறகு தண்ணீரை ஏராளமாக ஊற்ற வேண்டும். மணல் தீ பரவாமல் தடுக்குமே தவிர, உள்ளேயுள்ள சூட்டைத் தணிக்காது.

பழைய பேட்டரியைக் குப்பையோடு கொளுத்துவதோ கிணற்றில் எறிவதோ கூடாது. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி, அவற்றைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளர் பொறுப்பு. ஒப்படைக்கும் வரை, உலர்ந்த மணல் நிரப்பிய மண்சட்டியில் போட்டு, சாளைக்கு வெளியே மழை படாத இடத்தில் வைக்கலாம்.