சந்தேகப்படுபவருக்கு எழுதுவது

1928 மார்ச் 31 'நேச்சர்' இதழில், கல்கத்தாவிலிருந்து சி. வி. ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் அனுப்பிய சின்னக் குறிப்பு ஒன்று வெளியானது. அதில் இருந்தது, 1930இல் ராமனுக்கு நோபல் பரிசு வாங்கித் தந்த கண்டுபிடிப்பு. ஆய்வக அறிக்கை எப்படி எழுதுவது என்று கேட்பவர்களிடம் இந்தக் குறிப்பைக் கொடுத்தாலே போதும்.

சூரிய ஒளியைக் குவிக்க 18 செ.மீ. விட்டமும் 230 செ.மீ. குவியத் தூரமும் உள்ள தொலைநோக்கி லென்ஸ், அடுத்து 5 செ.மீ. குவியத் தூரமுள்ள இன்னொன்று என அளவோடு எழுதியிருக்கிறார்கள். குவித்த ஒளி விழும் திரவத்தை வெற்றிடத்தில் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்ததையும் விடவில்லை. தூசி இருந்தால் அதுவே ஒளியைச் சிதறடிக்கும். படிப்பவருக்கு முதலில் எழும் சந்தேகமே அதுதான்.

நீல-ஊதா வடிகட்டியையும் மஞ்சள்-பச்சை வடிகட்டியையும் சேர்த்து ஒளி வரும் வழியில் வைத்தால், திரவத்துக்குள் தெரிந்த ஒளித்தடம் அடியோடு மறைகிறது. மஞ்சள்-பச்சை வடிகட்டியை மட்டும் எடுத்துத் திரவத்துக்கும் கண்ணுக்கும் நடுவே வைத்தால், தடம் மறுபடி தெரிகிறது! உள்ளே போன நீல ஒளியில் கொஞ்சம் நிறம் மாறித்தான் வெளியே வந்திருக்க வேண்டும். ஏறக்குறைய 60 திரவங்களிலும் இதே கதை. 'இது வெறும் ஃப்ளோரசன்ஸ்தானே?' என்று யாராவது மடக்கினால்? அதற்கும் பதில் இருக்கிறது: இந்த ஒளி மிக மங்கலானது, தளவிளைவும் உடையது. வாயுக்களிலும் ஆவிகளிலும் பார்ப்பது கடினம் என்பதையும் மறைக்கவில்லை.

நம் ப்ளஸ் டூ ரெக்கார்டு நோட்டுக்கு வருவோம். நோக்கம், தேவையான கருவிகள், செய்முறை, அட்டவணை, முடிவு: தலைப்புகளில் குறையில்லை. அவற்றின் கீழே இருப்பதுதான் போன வருஷ சீனியரின் நோட்டு. தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வந்தே தீர வேண்டும் என்று விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு அட்டவணையை நிரப்புபவர்கள் ஏராளம். உண்மையில் சுவாரசியமே தப்பாக வரும் எண்ணில்தான். 50 செ.மீ. ஊசலில் குண்டின் மையம் வரை அளக்காமல், 1 செ.மீ. ஆரத்தை விட்டுவிட்டால் விடை 9.6 ஆகிவிடும். ஸ்டாப்வாட்சை அழுத்தும்போது 'பூஜ்யம்' என்று தொடங்காமல் 'ஒன்று' என்று தொடங்கினால், 19 அலைவை 20 என்று எண்ணியிருப்போம், விடை 10.9 பக்கம் போய் நிற்கும். வந்த எண்ணை வந்தபடி எழுதியிருந்தால், எங்கே சறுக்கியது என்பதை நோட்டைப் பார்த்தே ஆசிரியர் ஊகித்துவிடுவார். 9.8 என்று திருத்திய நோட்டில் அதற்கு வழியில்லை.