வலைப்பந்து மைதானத்துக்கு ஒரு காற்றுத்திரை

ஹட்டன் பக்கம் போகும்போது தோட்டத்து லயன்களின் கூரைகளைக் கவனித்திருப்பீர்கள். தகரத்தின் மேல் கருங்கல், பழைய டயர், மண் நிரப்பிய உரப்பை. தென்மேல் பருவக்காற்று கூரையை என்ன செய்யும் என்பது அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். எங்கள் வலைப்பந்து மைதானத்துக்கு மறைப்புக் கட்டியபோது அந்தக் கூரைகள் எங்கள் ஞாபகத்துக்கு வரவில்லை.

மறைப்பு இரண்டு காரணங்களுக்காகத் தேவைப்பட்டது. மைதானம் சரிவின் விளிம்பில் இருக்கிறது. ஒரு பக்கம் பள்ளத்தாக்கு, மறுபக்கம் பாதை. பாதையில் போவோர் வருவோர் பார்க்காதபடி ஏதாவது செய்தால் மகளை விளையாட விடுகிறேன் என்று பல பெற்றோர் சொன்னார்கள். என் உம்மாவும் அதையே சொன்னார். எங்களுக்கும் அதுதான் வசதி.

மற்றக் காரணம் காற்று. வலைப்பந்தின் நிறை 400 முதல் 450 கிராம் வரை. வளையம் 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பந்தை 3 செக்கனுக்கு மேல் கையில் வைத்திருக்கக் கூடாது என்பதால், காற்று அடங்கட்டும் என்று நின்று எறிய வழியில்லை. தர்ஜினி சிவலிங்கத்தைப் போல 6 அடி 10 அங்குலம் வளர்ந்திருந்தால் கவலையில்லை. நாங்கள் எறியும் பந்து நெடுந்தூரம் காற்றில் போயாக வேண்டும்.

ஆகவே நீலத் தறப்பாள் வாங்கி, 3 மீற்றர் வேலியில் மேலிருந்து கீழ்வரை இழுத்து, இரும்புக் கம்பியால் முறுக்கிக் கட்டினோம். ஜூன் மாதத்தில் ஓர் இரவு அடித்த காற்றில் தறப்பாள் கிழியவில்லை. வேலிதான் சாய்ந்தது. இரண்டு கம்பங்கள் அடியில் வளைந்துவிட்டன. வேலி இல்லாததால் பயிற்சி நின்றது. பயிற்சி நின்றதும், "இனிப் போதும் மகள், படிப்பைப் பாருங்கள்" என்ற பேச்சு வீடுகளில் தொடங்கியது. பன்னிரண்டு பேர் இருந்த அணியில், களத்தில் இறங்கத் தேவையான ஏழு பேரைக் கூடச் சேர்க்க முடியாத நிலை வந்தது.

நான் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு மாணவி. வேலி ஏன் விழுந்தது என்று கணக்குப் பார்க்கும் வேலை என்னிடம் வந்தது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும். இரண்டு கம்பங்களுக்கிடையே 3 மீற்றர், உயரம் 3 மீற்றர் என்றால் தறப்பாளின் பரப்பு 9 சதுர மீற்றர். மணிக்கு 27 கிலோமீற்றர் காற்று அதை 25 கிலோவுக்கும் கூடிய பாரத்தோடு தள்ளும். 54 கிலோமீற்றர் காற்றில் அது 100 கிலோவைத் தாண்டிவிடும், அதாவது இரண்டு மூட்டை சிமெந்துக்கும் மேல். பந்தைத் தடுப்பதற்காக நட்ட மெல்லிய குழாய்கள் இதை எப்படித் தாங்கும்? வெறும் கம்பிவலையாக இருந்தவரை காற்று ஊடே போய்விட்டது. அதைக் கப்பற்பாயாக மாற்றியவர்கள் நாங்கள்தான்.

இன்னொன்றும் தெரிந்தது. துளையே இல்லாத மறைப்பு காற்றை நன்றாகத் தடுப்பதுமில்லை. மோதிய காற்று மேலே ஏறி, மறுபுறம் சுழன்று இறங்குகிறது. தறப்பாள் இருந்த நாட்களில் பந்து வளையத்தருகே கோணலாகத் திரும்பியது இதனால்தான். நாங்கள் எங்கள் எறிதலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். பாதியளவு துளையுள்ள தடுப்பு காற்றின் ஒரு பங்கை மெதுவாகக் கசியவிடுகிறது. அதனால் பின்பக்கம் சுழி பெரிதாக உருவாகாது. தேயிலை மலைகளில் காற்றுத் தடையாக வரிசையாக நிற்கும் கிரவிலியா மரங்களைப் பாருங்கள். தோட்டத்தில் சவுக்கு என்பார்கள். தமிழ்நாட்டில் சவுக்கு என்பது வேறு மரம். இலைகளுக்கிடையே வெளிச்சம் தெரியும் அந்த வரிசை காற்றை வடிகட்டித்தான் கொழுந்தைக் காக்கிறது.

இரண்டாவது முறை நிழல் வலை வாங்கினோம். கடையில் 50 சதவீதம், 80 சதவீதம் என்று சொல்லி விற்பார்கள். அது எவ்வளவு ஒளியை மறைக்கும் என்ற கணக்கு. காற்றுக்கு அது சரியான அளவல்ல என்றாலும் தெரிவு செய்ய உதவும். பின்னல் வலையாகப் பார்த்து வாங்க வேண்டும், வெட்டிய இடத்திலிருந்து நூல் பிரிந்து ஓடாது. கரும்பச்சை நிறம் நல்லது, பந்து தெளிவாகத் தெரியும். தறப்பாளில் அரைவட்ட ஓட்டைகள் வெட்டிவிடலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. வெட்டிய இடமே பிறகு கிழிசலாகும்.

காற்று வரும் பள்ளத்தாக்குப் பக்கத்துக்கு 50 சதவீத வலை, அதுவும் 2 மீற்றர் உயரத்துக்கு மட்டும். ஒரு தடுப்பின் பயன் அதன் உயரத்தைப்போலப் பத்து மடங்கு தூரம் வரை ஓரளவு இருக்கும். 2 மீற்றருக்கு 20 மீற்றர். மைதானத்தின் அகலம் 15.25 மீற்றர்தான். நீளப் பக்கம் காற்றை நோக்கி இருந்ததால் ஒரு வரிசைத் திரையே போதுமாகியது. உயரே எறியும் பந்தை அது முழுதாகக் காக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் கம்பத்தின் அடியில் விழும் பாரம் முன்னிருந்ததில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு.

பாதைப் பக்கம் மண்மேட்டின் ஒதுக்கில் இருப்பதால் காற்று குறைவு. அங்கே 80 சதவீத வலை கட்டினோம். கட்டிய அன்று உம்மாவையும் வேறு சில தாய்மாரையும் பாதையில் நின்று பார்க்கச் சொன்னோம். வலையோடு முகத்தை ஒட்டினால் உள்ளே தெரியும். பாதையிலிருந்து பார்த்தால் ஆள் அசைவது மட்டும் நிழலாகத் தெரிந்தது. "இது போதும்" என்றார் உம்மா.

கட்டும் முறையில்தான் பலர் தவறுவார்கள். திரையை வேலியின் உட்புறம் தொங்கவிட்டு, ஓர் அடிக்கு ஒன்றாகப் பிளாஸ்டிக் கட்டுப்பட்டிகளால் கட்ட வேண்டும். இரும்புக் கம்பி வேண்டாம். பெருங்காற்றில் முதலில் அறுவது பட்டியாக இருக்க வேண்டும், கம்பமல்ல. வெயிலைத் தாங்கும் கறுப்புப் பட்டியே நல்லது. கீழே நான்கு விரல் இடைவெளி விட்டால் மழைநீரும் சருகும் வெளியேறும். மூலைக் கம்பங்களுக்குச் சாய்வாக முட்டுக் கொடுக்க வேண்டும். கடுங்காற்று எச்சரிக்கை வந்தால் வலையைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட வேண்டும். நாலு பேர் சேர்ந்தால் அரைமணி நேர வேலை.

இந்த ஜூலையில் ஒரு காலை போய்ப் பார்த்தபோது பதினொரு பட்டிகள் அறுந்து, திரையின் ஒரு மூலை தரையில் கிடந்தது. கம்பங்கள் நேராக நின்றன. பட்டிகள் இப்போது பந்துப் பையிலேயே இருக்கின்றன. அன்று புதிதாகப் பதினொன்றைக் கட்டிவிட்டுப் பயிற்சியைத் தொடங்கினோம். ஒன்பது பேர் வந்திருந்தோம்.