‘விட’ ஒன்று போதும் தமிழுக்கு, ஆங்கிலத்துக்கு இரண்டு வேண்டும்

“மை பேக் இஸ் மோர் பிக்கர் தேன் யுவர் பேக்.” “திஸ் டெம்பிள் இஸ் ஓல்ட் தேன் தட் டெம்பிள்.” இந்த இரண்டு வாக்கியங்களையும் திருத்தாத ஆசிரியர் இருக்க முடியாது. ‘பிக், பிக்கர், பிக்கஸ்ட்’ என்று வரிசையாக ஒப்பிக்கும் பிள்ளையே கட்டுரையில் இப்படி எழுதி மதிப்பெண்ணை இழக்கிறது. ஏன் இப்படி நடக்குது? விதி தெரியாமல் இல்லை. பிள்ளையின் காதில் விழும் மற்ற மொழிகள் ஒப்பீட்டை வேறு விதமாகச் செய்கின்றன.

முதலில் தமிழைப் பாருங்கள். சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள ஸ்ரீ மாரியம்மன் கோவில் தொடங்கியது 1827இல். சிராங்கூன் சாலையில் உள்ள ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோவில் தொடங்கியது 1855இல். இதை எப்படிச் சொல்வோம்? “பெருமாள் கோவிலை விட மாரியம்மன் கோவில் பழமையானது.” இதில் ‘பழமையானது’ என்ற சொல் கொஞ்சமும் மாறவில்லை. ஒப்பீட்டின் அடையாளம் முழுவதும் ‘கோவிலை விட’ என்ற இடத்தில், அதாவது எதோடு ஒப்பிடுகிறோமோ அந்தப் பெயரில் இருக்கிறது. இது நேற்று வந்த வழக்கம் அல்ல. ஐந்தாம் வேற்றுமையின் பொருள்களுள் ஒன்றாக ‘ஒப்பு’ என்பதை நன்னூல் சொல்கிறது. உருபைப் பெயரோடு சேர்த்தால் நம் வேலை முடிந்தது.

மலாயிலும் ‘பெசார்’ என்ற சொல் மாறாமல் ‘லெபே பெசார்’ என்றுதான் வருகிறது. சீன மொழியிலும் பண்புச்சொல் உருமாறுவதில்லை. ஆக, சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் மூன்று, ஒப்பிடும்போது பண்புச்சொல்லைத் தொடுவதே இல்லை. தொடுவது ஆங்கிலம் மட்டும்தான். இதை வகுப்பில் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகளுக்குத் தங்கள் பிழையின் காரணம் உடனே புரியும்.

ஆங்கிலத்துக்கு இரண்டு அடையாளம் வேண்டும். ஒன்று பண்புச்சொல்லில், மற்றொன்று ‘தேன்’. “தி மாரியம்மன் டெம்பிள் இஸ் ஓல்டர் தேன் தி பெருமாள் டெம்பிள்.” ‘ஓல்ட் தேன்’ என்றால் முதல் அடையாளம் விட்டுப்போகிறது. ‘மோர் ஓல்டர்’ என்றால் அதே அடையாளம் இரண்டு முறை வருகிறது.

பண்புச்சொல்லில் எந்த அடையாளம் வரும் என்பதை அசையை எண்ணி முடிவு செய்யலாம். ஓரசைச் சொல்லுக்கு ‘அர்’, ‘எஸ்ட்’ என்ற விகுதிகள்: சீப், சீப்பர், சீப்பஸ்ட். ‘பிக்’, ‘ஹாட்’ போன்ற சொற்களில் கடைசி எழுத்தை இரட்டித்து எழுத வேண்டும். ‘பிஸி’ போல ‘ஒய்’ எழுத்தில் முடியும் ஈரசைச் சொல்லில் ‘ஒய்’ போய் ‘ஐ’ வரும். ‘எக்ஸ்பென்சிவ்’, ‘பியூட்டிஃபுல்’ போன்ற நீண்ட சொற்களுக்கு விகுதி கிடையாது. முன்னால் ‘மோர்’ அல்லது ‘மோஸ்ட்’ மட்டும். குட், பெட்டர், பெஸ்ட். பேட், வொர்ஸ், வொர்ஸ்ட். இவை விதிக்குள் வராதவை, மனப்பாடம்தான் வழி.

அடுத்தது சூப்பர்லேட்டிவ். இங்கே தடுக்கி விழுவது ‘மிக’ என்ற சொல்லால். ‘மிகப் பழமையான கோவில்’ என்றால் ‘வெரி ஓல்ட்’ என்றும் கொள்ளலாம், ‘தி ஓல்டஸ்ட்’ என்றும் கொள்ளலாம். பெருமாள் கோவில் ‘வெரி ஓல்ட்’ என்றால் உண்மை. ‘தி ஓல்டஸ்ட் ஹிந்து டெம்பிள் இன் சிங்கப்பூர்’ என்றால் தவறான தகவல், அந்தப் பெருமை மாரியம்மன் கோவிலுக்கு உரியது. இலக்கணப் பிழை இங்கே செய்திப் பிழையாகிவிடுகிறது. மொழிபெயர்க்கும் முன் ‘மிக’ என்பதை ‘இருப்பதிலேயே’ என்று மாற்றிப் படியுங்கள். பொருள் பொருந்தினால் சூப்பர்லேட்டிவ், பொருந்தாவிட்டால் ‘வெரி’. நடுவழி ஒன்றும் உண்டு: ‘ஒன் ஆஃப் தி ஓல்டஸ்ட் டெம்பிள்ஸ்’. இதில் ‘டெம்பிள்ஸ்’ என்ற பன்மையை மறக்கக் கூடாது.

இரண்டும் சமம் என்றால்? ராஃபிள்ஸ் பிளேஸ் வட்டாரத்தில் யூஓபி பிளாசா ஒன், ஒன் ராஃபிள்ஸ் பிளேஸ், ரிபப்ளிக் பிளாசா ஆகிய மூன்று கட்டடங்களின் உயரத்தையும் 280 மீட்டர் என்றே சொல்வது வழக்கம். ‘ஆஸ் ஹை ஆஸ்’ என்பதற்கு இதை விட நல்ல உதாரணம் கிடைக்காது. இரண்டு ‘ஆஸ்’ நடுவே இயல்பான சொல்தான் வரும், ‘ஹையர்’ வராது. 2016இல் தஞ்சோங் பகாரில் குவோக்கோ டவர் கட்டி முடிந்ததும் அந்த மூன்றையும் விட அது ‘ஹையர்’ ஆனது.

தேர்வில் மதிப்பெண் போகும் இன்னும் நான்கு இடங்கள்:

1. ‘இன்’, ‘ஆஃப்’. தமிழில் எல்லாவற்றுக்கும் ‘இல்’ போதும். ஆங்கிலத்தில் இடத்துக்கு ‘இன்’, கூட்டத்துக்கு ‘ஆஃப்’: தி லாங்கஸ்ட் ரிவர் இன் சிங்கப்பூர் (காலாங் ஆறு), தி டாலஸ்ட் ஆஃப் தி த்ரீ பாய்ஸ்.

2. ‘எனி அதர்’. புக்கித் தீமா குன்று சிங்கப்பூரின் எல்லாக் குன்றுகளையும் விட உயரம் என்றால், அது தன்னையும் விட உயரம் என்று ஆகிவிடும். ‘ஹையர் தேன் எனி அதர் ஹில்’ என்று எழுத வேண்டும்.

3. ‘சீனியர்’, ‘ஜூனியர்’, ‘சுப்பீரியர்’. இவற்றோடு ‘தேன்’ சேராது, ‘டு’தான்.

4. ‘எல்டர்’. அக்காவை ‘மை எல்டர் சிஸ்டர்’ எனலாம். ஆனால் ‘என்னை விட மூத்தவர்’ என்பதற்கு ‘ஓல்டர் தேன் மீ’. ‘எல்டர் தேன்’ என்பது தவறு.

தமிழாசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளிடம் இந்தத் தடுமாற்றம் தலைகீழாக வருகிறது. “இந்தச் சட்டை அதிகம் அழகானது அந்தச் சட்டையை விட” என்று எழுதுவார்கள். ‘மோர்’ என்பதை ‘அதிகம்’ ஆக்கி, ஆங்கில வரிசையிலேயே அடுக்கிவிடுகிறார்கள். வெறுமனே சிவப்பு மையில் அடித்தால் பயன் இல்லை. “தமிழில் ‘விட’ ஒன்று போதும், ‘மோர்’ தேவையில்லை” என்று சொல்லி, “அந்தச் சட்டையை விட இந்தச் சட்டை அழகு” என்று பேசவையுங்கள். எழுத்து தானாக வரும்.

பயிற்சிக்குத் தேக்காவே போதும். சந்தையில் மூன்று காய்களின் விலையைக் குறித்துவரச் சொல்லுங்கள். அதை வைத்து ஆங்கிலத்தில் மூன்று வாக்கியம், தமிழில் மூன்று வாக்கியம் எழுதட்டும். பொருள்தான் ‘சீப்பர்’, விலை ‘லோயர்’ என்பதையும் அப்போதே காட்டிவிடலாம். இரண்டு மொழி வாக்கியங்களையும் அருகருகே வைத்து, ஒப்பீட்டின் அடையாளம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று வட்டம் போடச் சொல்லுங்கள். தமிழில் ஒரு வட்டம், ஆங்கிலத்தில் இரண்டு. இந்தக் கணக்கு கைக்கு வந்துவிட்டால் ‘மோர் பிக்கர்’ மெல்ல மெல்ல மறைந்துவிடும்.