உங்க வீட்டு காரை கம்பெனி தேடிட்டு இருக்கலாம்

போன டிசம்பர் செமஸ்டர் லீவுக்கு திண்டுக்கல்ல பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியப்பா ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி செகண்ட் ஹேண்ட்ல ஒரு கார் வாங்கினார். முதல் ஓனர் சென்னைக்காரர். பெரியப்பாவுக்கு சிறுமலையில கொஞ்சம் வாழைத்தோட்டம் இருக்கு, வாரத்துல ரெண்டு நாள் அந்தக் கார்லதான் மேல ஏறுவார். சிறுமலை ரோடு தெரிஞ்சவங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். 18 கொண்டை ஊசி வளைவு.

"ஸ்டியரிங் திருப்பும்போது லேசா டக்குனு ஒரு சத்தம் வருதும்மா. அலைன்மென்ட் ரெண்டு தடவை பார்த்தாச்சு. ரோடு அப்படி"ன்னு சாப்பிடும்போது சும்மா சொன்னார். நானும் மெக்கானிக்கல் ஃபைனல் இயர்ங்கிற கெத்துல, ஆர்.சி. புக்கை வாங்கி, சேசிஸ் நம்பரை அந்தக் கார் கம்பெனி வெப்சைட்ல போட்டுப் பார்த்தேன். "இந்த வாகனத்துக்கு ரீகால் நிலுவையில் உள்ளது"ன்னு வந்துச்சு. ஸ்டியரிங் ஷாஃப்ட் ஜாயின்ட்ல சந்தேகமாம். அறிவிச்சு ரெண்டு வருஷம் ஆகியிருந்தது.

ரெண்டு வருஷமா கம்பெனி அந்தக் காரைத் தேடிட்டு இருந்திருக்கு, ஆனா சென்னையில இருக்கிற பழைய ஓனரோட போன் நம்பர்ல. எந்தக் கம்பெனின்னு இங்க சொல்லப் போறதில்ல, அது இந்தக் கட்டுரைக்குத் தேவையும் இல்ல. எந்தக் கம்பெனி காரா இருந்தாலும் இது நடக்கலாம். உங்க அப்பா, மாமா, சித்தி யாராவது ஓட்டுற காருக்கும் நடந்திருக்கலாம். அதனாலதான் எழுதுறேன்.

ஸ்டியரிங்குக்கு ஸ்பேர் கிடையாது

முதல்ல சிஸ்டத்தைப் பார்த்துடலாம். மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் மக்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

நீங்க ஸ்டியரிங் வீலைத் திருப்புறீங்க. அது ஸ்டியரிங் காலத்தைச் சுத்துது. காலத்துக்குக் கீழ யூனிவர்சல் ஜாயின்ட் வச்ச ஒரு சின்ன ஷாஃப்ட் இருக்கு. அது போய் பினியன்ங்கிற சின்ன பல்சக்கரத்தைச் சுத்துது. பினியன் ரேக்ங்கிற பல் வச்ச நீளமான கம்பியை இடமும் வலமுமா தள்ளுது. ரேக்கோட ரெண்டு முனையிலயும் டை ராடு. டை ராடு முனையில ஒரு பால் ஜாயின்ட். அது சக்கரத்தைத் தாங்கிப் பிடிச்சிருக்கிற நக்கிளை இழுக்கும் இல்லன்னா தள்ளும். சக்கரம் திரும்பும்.

இது ஒரு சங்கிலி மாதிரி. ஒரு கண்ணி போனாலும் மொத்தமும் போச்சு. பிரேக்கோட ஒப்பிட்டுப் பாருங்க. கார்ல பிரேக் ஆயில் ரெண்டு தனி சர்க்யூட்டா ஓடும். ஒண்ணு லீக் ஆனாலும் இன்னொண்ணு பாதி பிரேக்காவது பிடிக்கும். அதுவும் போனா ஹேண்ட் பிரேக் இருக்கு, கியரைக் குறைச்சும் வண்டியை மெதுவாக்கலாம். ஸ்டியரிங்குக்கு இப்படி ரெண்டாவது வழியே கிடையாது. டை ராடு உடைஞ்சா அந்தப் பக்கத்து சக்கரம் நீங்க சொல்ற பேச்சைக் கேக்காது. சமமான ரோட்ல நேரா போயிட்டு இருந்தா அது பாட்டுக்கு ஓடலாம். ஒரு பள்ளம் வந்தாலோ, பிரேக் அடிச்சாலோ எந்தப் பக்கம் இழுக்கும்னு சொல்ல முடியாது.

அதனாலதான் மியூசிக் சிஸ்டத்துக்கோ ஒயரிங்குக்கோ வர்ற ரீகாலும் ஸ்டியரிங்குக்கு வர்ற ரீகாலும் ஒண்ணு கிடையாது.

மூணு நிஜ கேஸ்

முதல் கேஸ். 2023 ஜூலையில மாருதி சுசூகி, எஸ்-பிரெஸ்ஸோவும் ஈக்கோவும் சேர்த்து 87,599 வண்டிகளை ரீகால் பண்ணுச்சு. 2021 ஜூலை 5-ல இருந்து 2023 பிப்ரவரி 15 வரைக்கும் தயாரான வண்டிகள். சந்தேகம் டை ராடு மேல. அரிதா அது உடைஞ்சு வண்டியோட கன்ட்ரோலைப் பாதிக்கலாம்னு கம்பெனியே சொல்லுச்சு.

இங்க அந்தத் தேதிகளைக் கவனிங்க. ஏன் ஒரு தேதியில ஆரம்பிச்சு இன்னொரு தேதியில முடியுது? ஒரு பார்ட்ல குறை வர்றதுக்கு பொதுவா ரெண்டு காரணம். ஒண்ணு டிசைன் தப்பு, அப்படின்னா அந்த மாடல் மொத்தமும் மாட்டும். இன்னொண்ணு தயாரிப்புல தப்பு. ஸ்டீல் லாட் சரியில்ல, ஹீட் ட்ரீட்மென்ட்ல டெம்பரேச்சர் மாறிடுச்சு, மெஷினிங்ல ஒரு ஃபில்லட் கூர்மையா வந்துடுச்சு, இப்படி ஏதாவது. அப்போ அந்த பேட்ச் மட்டும் மாட்டும். அந்த பேட்ச் எந்தெந்த வண்டிக்குப் போச்சுன்னு ரெக்கார்டைத் திருப்பிப் பார்த்துத்தான் தேதி எடுப்பாங்க. இந்தக் குறிப்பிட்ட கேஸ்ல என்ன காரணம்னு நான் சொல்ல வரல. தேதி போட்டு ரீகால் வர்றதோட பின்னணி பொதுவா இதுதான்.

87,599 வண்டியும் கெட்டுப் போச்சுன்னும் இதுக்கு அர்த்தம் இல்ல. அதுல எது கெட்டதுன்னு உட்கார்ந்த இடத்துல தெரியாது, அதனால எல்லாத்தையும் கூப்பிட்டு செக் பண்றாங்க. நம்ம கிளாஸ்ல யாரோ ஒருத்தர் போன் அடிச்சா, பெஞ்ச் முழுக்க எல்லாரோட பையையும் பார்ப்பாங்களே, அதே லாஜிக்.

ரெண்டாவது கேஸ். 2024 ஆகஸ்ட்ல அதே கம்பெனி 2,555 ஆல்டோ கே10 வண்டிகளை ரீகால் பண்ணுச்சு. இந்தத் தடவை ஸ்டியரிங் கியர்பாக்ஸ் அசெம்ப்ளி. எண்ணிக்கை ரொம்பக் கம்மி, ஆனா வார்த்தை ரொம்பக் கடுமை: பார்ட் மாத்துற வரைக்கும் வண்டியை ஓட்டவே வேண்டாம். எத்தனை வண்டின்னு பார்த்து ரீகாலோட சீரியஸ்னஸை எடை போடாதீங்க. "வந்து செக் பண்ணிக்கோங்க"ன்னு சொல்றாங்களா, "ஓட்டாதீங்க"ன்னு சொல்றாங்களான்னு பாருங்க.

மூணாவது கேஸ் அமெரிக்காவுல. 2024 அக்டோபர்ல ஹோண்டா, சிவிக் உள்பட பல மாடல்கள்ல சுமார் 17 லட்சம் வண்டிகளை ரீகால் பண்ணுச்சு. இது உடையுற பிரச்சினை இல்ல, ஒட்டுற பிரச்சினை. எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங்ல மோட்டாரோட பலத்தை வார்ம் கியர், வார்ம் வீல் வழியா கொடுப்பாங்க. அந்த வார்ம் வீல் உப்பிக்கிச்சு. உப்பினதும் ரெண்டு பல்லுக்கும் நடுவுல இருக்க வேண்டிய கிரீஸ் படலம் குறைஞ்சு ஃப்ரிக்ஷன் ஏறிடுச்சு. ஹைவேல நேரா போயிட்டு இருக்கும்போது லேசா திருப்பலாம்னா ஸ்டியரிங் ஒட்டிக்கிட்ட மாதிரி இருக்கும். கொஞ்சம் அழுத்தித் திருப்புனா தேவைக்கு மேல திரும்பிடும். ஓட்டுனவங்க புகார் கொடுக்க ஆரம்பிச்சு, அந்த நாட்டு சாலைப் பாதுகாப்பு ஏஜென்சி 2023-லயே விசாரணையைத் தொடங்கிடுச்சு. தீர்வு என்ன தெரியுமா? ஒரு ஸ்பிரிங்கை மாத்தி, கிரீஸ் போடறது. 17 லட்சம் வண்டிக்கு ஒரு ஸ்பிரிங்கும் கொஞ்சம் கிரீஸும். டிரைபாலஜி எலெக்டிவ் எதுக்குன்னு கேட்டவங்க இதைக் குறிச்சு வச்சுக்கோங்க.

இதுல இன்னொரு பாடமும் இருக்கு. ஓட்டுறவங்க புகார் கொடுத்ததாலதான் விசாரணை வந்துச்சு. "ரோடு அப்படி"ன்னு எல்லாரும் விட்டிருந்தா?

சட்டம் என்ன சொல்லுது

இந்தியால ரொம்ப நாள் ரீகாலுக்குன்னு தனிச் சட்டமே இல்ல. 2012-ல வண்டி தயாரிப்பாளர்கள் சங்கமான சியாம் தானா ஒரு விதிமுறை கொண்டு வந்துச்சு, கம்பெனிகள் தாங்களா முன்வந்து ரீகால் பண்ணாங்க. 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110ஏ பிரிவைச் சேர்த்தாங்க. இப்போ மத்திய அரசே "இந்த வண்டியைத் திரும்பக் கூப்பிடு"ன்னு உத்தரவு போட முடியும். இதுக்கான விதிகள் 2021 ஏப்ரல் 1-ல இருந்து அமல்ல இருக்கு. 7 வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு இது பொருந்தும். ஒரு மாடல் மேல குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல புகார் வந்தா விசாரணை வரும், கட்டாய ரீகால்னா ஒரு கோடி ரூபாய் வரைக்கும் அபராதம் வரலாம். ஆக நீங்க கொடுக்கிற ஒரு புகாரும் கணக்குல சேரும்.

நீங்க செய்ய வேண்டியது

1. ஆர்.சி.யை எடுத்து சேசிஸ் நம்பரைப் பாருங்க. 17 எழுத்தும் எண்ணும் கலந்து இருக்கும். இந்தியால செஞ்ச கார்னா "எம்"ல ஆரம்பிக்கும். அதுல ஆங்கில எழுத்து "ஓ" வரவே வராது, வட்டமா இருந்தா அது பூஜ்யம்தான். நான் முதல் தடவை தப்பா அடிச்சு "வாகனம் இல்லை"ன்னு வந்தது இதனாலதான்.

2. கார் கம்பெனி வெப்சைட்ல ரீகால் செக் பண்ற பக்கம் இருக்கும், அதுல அந்த நம்பரைப் போடுங்க. இல்லன்னா கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணிக் கேளுங்க. "சர்வீஸ் கேம்பெயின் ஏதாவது இருக்கா"ன்னும் சேர்த்துக் கேளுங்க. சில நேரம் அந்தப் பேர்லயும் பார்ட் மாத்துவாங்க.

3. செகண்ட் ஹேண்ட் வண்டியா? ஆர்.டி.ஓ.ல பேர் மாத்தினா கம்பெனி லிஸ்ட்லயும் தானா மாறிடும்னு நினைக்காதீங்க. சர்வீஸ் சென்டர்ல சொல்லி புது ஓனர் பேரையும் போன் நம்பரையும் ஏத்தச் சொல்லுங்க. ரீகால் வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்ல. நீங்க மூணாவது ஓனரா இருந்தாலும் உரிமை உண்டு.

4. ரீகால் வேலைக்கு பார்ட், லேபர் ரெண்டும் ஃப்ரீ. ஜாப் கார்டுல "ரீகால்"னு எழுதியிருக்கான்னு பார்த்து காப்பி வாங்கிக்கோங்க. நாளைக்கு வண்டியை விக்கும்போதும் உதவும்.

5. "பார்ட் ஸ்டாக் இல்ல, அப்புறம் வாங்க"ன்னு சொன்னா, அதுவரைக்கும் ஓட்டலாமா கூடாதான்னு மெசேஜ்லயோ மெயில்லயோ கேளுங்க. எழுத்துல கேட்டா பதிலும் பொறுப்பா வரும். இழுத்தடிச்சா தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915 இருக்கு.

6. ஸ்டியரிங்ல சத்தம், ஆட்டம், திடீர்னு கனமாகறது, நேரா போகும்போதே வீல் கோணலா நிக்கறது, டேஷ்போர்டுல ஸ்டியரிங் லைட் எரியறது, இதுல எது வந்தாலும் தள்ளிப் போடாதீங்க. அதே சமயம் எதுவுமே இல்லன்னா பிரச்சினை இல்லன்னும் நினைக்காதீங்க. ஃபடீக் விரிசல் மாசக்கணக்குல சத்தமில்லாம வளரும், உடையுறது ஒரு நொடி.

பெரியப்பா கதை முடிவு

சர்வீஸ் சென்டருக்குப் போன் பண்ணப்போ, "மேடம், சிஸ்டத்துல வேற பேர் வருதே"ன்னு இழுத்தாங்க. ஆர்.சி. போட்டோ அனுப்பினோம். நாலு நாள்ல பார்ட் வந்துச்சு. அந்த நாலு நாளும் பெரியப்பா பஸ்லதான் சிறுமலைக்குப் போனார், என்னைத் திட்டிக்கிட்டே. மாத்தி முடிக்க ரெண்டு மணி நேரம்கூட ஆகல. பில் பூஜ்யம்.

பழைய ஷாஃப்ட்டைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கண்ணுக்கு ஒண்ணுமே தெரியல. பெரியப்பாவும் எட்டிப் பார்த்துட்டு, "நல்லாத்தானே இருக்கு, இதுக்கா நாலு நாள் பஸ்ல அலைய விட்ட?"ன்னு கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியல. அது அந்த கெட்ட பேட்ச்ல ஒண்ணா, நல்ல பார்ட்டான்னு எங்களுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. அந்தப் பார்ட்டைக் கம்பெனியே எடுத்துக்கிட்டாங்க.

திரும்பி வர்ற வழியில அந்த டக்குங்கிற சத்தம் இல்ல. பெரியப்பா ஒரு வார்த்தையும் பேசல. வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிட்டு, "உன் வண்டி ஆர்.சி.யை எடுத்துட்டு வாப்பா, பாப்பா ஒரு நம்பர் போட்டுப் பார்க்கும்"னார்.

இதைப் படிச்சு முடிச்சதும் நீங்களும் வீட்டுக்கு ஒரு போன் போடுங்க. ஆர்.சி.யை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. அஞ்சு நிமிஷ வேலை. ஒண்ணும் இல்லன்னு வந்தா நிம்மதி. ஏதாவது வந்துச்சுன்னா, நாலு நாள் திட்டு வாங்கினாலும் பரவாயில்ல, வண்டியை சர்வீஸ் சென்டர்ல விடச் சொல்லுங்க.